எண்ணெய் காணாத மூலைக் கடை

...மூலைக் கடையைத்தான் அப்பா முதலில் தொடுவார் என்று எனக்குத் தெரியாதா என்ன, தெரியும், எந்த வரிசைக்குப் போனாலும் மழை படாத கடையிலிருந்துதான் ஆரம்பிப்பார், மழை படாததே இறுகிப் போயிருந்தால் மழை படுவதைத் தொட்டுப் பார்க்கவே வேண்டாம் என்பது அவர் வழக்கம், இருபது வருடமாக ஷட்டர் வேலை செய்கிறவரின் வழக்கம், அது ஒரு நாளும் தப்பியதில்லை, இதோ இப்போதும் மூலைக் கடையின் முன்னால் குந்தி உட்கார்ந்து ஸ்பேனரின் பிடியால் தகட்டைத் தட்டுகிறார், காதை வைத்துக் கேட்கிறார், மறுபடி தட்டுகிறார். அவருக்குப் பின்னால் கட்டடக்காரம்மா, கையில் பதினோரு சாவிகள் கோத்த வளையம், இந்த வரிசையே அவருடையதுதான், பதினோரு கடை, பதினொன்றும் மூடிக் கிடக்கின்றன. காலையில் வந்ததுமே சொல்லிவிட்டார், "இங்க பாருங்க ஷட்டர்காரரே, காலேஜ்ல பழைய வாசல அடுத்த மாசம் திறக்கிறாங்களாம், பொம்பளப் புள்ளைங்க ஹாஸ்டல் இந்தப் பக்கம் வருதாம். கதவுங்க நல்லபடியா மேல போனா கடைக்கு ஆள் பாக்குறேன். எல்லாத்தையும் வெட்டித்தான் எடுக்கணும்னா அந்தத் தலைவலியே வேணாம், மொத்தமா இடிச்சு வண்டி நிறுத்துற இடமாக் குடுத்துடுறேன். நாளைக்கு அந்த இடம் கேக்குறவங்களுக்குப் பதில் சொல்லணும்." அப்பா பொய் சொல்லத் தெரியாத மனுஷர், உள்ளதைச் சொல்வார், அவர் சொல்லப்போகும் உள்ளது தப்பு, அதை இந்தத் தெருவில் என் ஒருத்தியால்தான் சொல்ல முடியும்... எனக்கும் நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. சாவி என் கையில் என்றைக்கு இருந்தது, திறந்து பார்ப்பதற்கு?

எதிரே கல்லூரிச் சுவர், நடுவில் சங்கிலி போட்ட பழைய வாசல், நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாலு மணிக்கு மணி அடித்தால் அந்த வாசலிலிருந்து தெருவே பொங்கி வழியும், சைக்கிளும் சிரிப்பும் செருப்புச் சத்தமுமாக, ஜெராக்ஸ் கடையில் மூன்று வரிசை, சலூனில் பெஞ்சு நிறைய ஆள், நோட்டுக் கடையில் பேனா வாங்க வந்தவன் எழுதிப் பார்க்கிறேன் என்று அங்கே கிடந்த காகிதம் முழுக்க ஒரே பெயரை எழுதிவிட்டுப் போவான், கடைக்காரர் அந்தக் காகிதங்களைக் கம்பியில் குத்தி மாட்டி வைத்திருப்பார், யார் யார் மேல் யாருக்கு ஆசை என்று அந்தக் கம்பிக்குத்தான் தெரியும். பிறகு கல்லூரிக்காரர்கள் வாசலை எடுத்து பைபாஸ் பக்கம் வைத்துவிட்டார்கள், நாற்காலியை நகர்த்துவது மாதிரி. எங்கள் வீடு இந்த வரிசைக்குப் பின்னால், ஒரே சுவர்தான் நடுவில், பாயில் படுத்தபடியே ஷட்டர்கள் மேலே போவதை எண்ணுவேன், ஜெராக்ஸ் கடை இருமிக்கொண்டு போகும், சலூன் சர்ரென்று ஒரே மூச்சில், தையல் கடை பாதியில் நின்று யோசித்துவிட்டு... பதினொன்று, பிறகு ஒன்பது, ஆறு, இரண்டு, ஒரு நாள் ஒன்றுமே இல்லை, அன்றைக்கு நான் எழுந்திருக்க மறந்து படுத்தே கிடந்தேன், அம்மா வந்து உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அதே வருடம்தான் என் பள்ளிக்கூடமும் நின்றது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை, பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், எனக்கு வராது, மூன்று பெயருக்கு முன்னாலிருந்தே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், என் முறை வரும், போகும், அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள், புதிதாக வந்த வாத்தியாருக்குத் தலையை நிமிர்த்தும் பழக்கம் இல்லை, வருடக் கடைசியில் பார்த்தால் நான் பள்ளிக்கே வராதவள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து வராமல் போனவள்! அப்பா போய்ச் சண்டை போட்டார், "என் பொண்ணு தினமும் வந்தாளா இல்லையா, நீயே சொல்லும்மா" என்று என்னைப் பார்த்தார், தலைமை ஆசிரியர் பார்த்தார், அறையில் இருந்த கடிகாரம்கூடப் பார்த்தது, நான் தரையைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து அப்பாவோடு வேலைக்கு வருகிறேன், என் கை ஒல்லி, ஸ்பிரிங் பெட்டிக்குள் அவர் கை போகாத இடத்துக்கு என் கை போகும், இரும்புக்கு "உள்ளேன்" சொல்ல வேண்டியதில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா ஒரு மணி நேரம் தூங்குவார், அந்த நேரம் இந்தத் தெரு என்னுடையது, மூலையைத் தாண்டினால் ஒரு ஆள் கிடையாது, மூடிய கடையின் படியில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவேன், நோட்டு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, கருவிப் பெட்டியின் அடியில், கிரீஸ் துணிக்குக் கீழே. எதைப் பற்றி எழுதுவேன்... முதுகுக்குப் பின்னால் மூடிக் கிடப்பதைப் பற்றித்தான், உள்ளே என்ன இருக்கும், யாருடைய குடை, எந்தக் கடிகாரம் எத்தனை மணியில் நின்றிருக்கும். ஒரு நாள் எழுதிக்கொண்டிருந்தபோது தையல் கடைப் பூட்டின் சாவித்துளையில் குளவி மண் வைத்திருந்ததைப் பார்த்தேன், ஊசியால் குத்தி எடுத்தேன், எடுத்த கையோடு எண்ணெய்க் குப்பியை வைத்து இரண்டு அழுத்து அழுத்தினேன், உள்ளே எங்கேயோ எண்ணெய் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது, கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா, உடம்பு புல்லரித்தது. அடுத்த வாரம் பூட்டோடு ஷட்டர் ஓடுகிற இரண்டு பக்கச் சட்டங்களுக்கும், அதற்கடுத்த வாரம் பக்கத்துக் கடைக்கும். ஐந்து வருடம். வாரம் தவறாமல் பத்து கடைகள். பதினொன்றில் பத்து.

மூலைக் கடை மட்டும் இல்லை, அதுதான் நோட்டுக் கடை, எனக்குப் பிடித்த கடை, ஆனால் அதன் மேல்தான் வாகை மரம் கவிந்திருக்கிறது, மழையும் படாது வெயிலும் படாது, அதனாலேயே வாடகை வண்டிக்காரர்கள் நாலு பேர் நாள் முழுக்க அதன் படியில்தான் கிடப்பார்கள், பேப்பர் படிப்பார்கள், உலகத்தில் நடக்கிற எதற்கும் தீர்வு சொல்லும் பெரியவர் ஒருவர் உண்டு, அவருக்கு மந்திரி என்று பெயர். அவர்களைத் தாண்டித்தான் பூட்டுக்குப் போக வேண்டும். போக வேண்டுமானால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாரா வாரம் குப்பியோடு அந்த மரம் வரைக்கும் போவேன், போய்விட்டு ஏதோ மறந்துபோனவள் மாதிரி திரும்பிவிடுவேன்.

"வராதும்மா," என்றார் அப்பா, கட்டடக்காரம்மாவிடம். வளையத்தை வாங்கி அவர் போட்ட சாவியே பாதி திரும்பி நின்றுவிட்டது, அதற்கு மேல் திருகினால் முறியும் என்று உருவிக்கொண்டார். "இதுதான் மழை படாத கடை. இதுவே இப்படின்னா மத்ததெல்லாம் கல்லு. பதினொண்ணையும் வெட்டித்தான் எடுக்கணும்." வேடிக்கை பார்க்க எழுந்து நின்றிருந்த மந்திரி, "நான் அப்பவே சொன்னேன்ல," என்றார், எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார்! கட்டடக்காரம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார், ஒரு விஷயம் முடிந்துபோனால் மனிதர்கள் அப்படித்தான் துடைத்துக்கொள்கிறார்கள், சாவி வளையத்தை வாங்க அப்பாவிடம் கையை நீட்டினார்... சொல்லு, இப்போது சொல்லு, இல்லை என்று ஒரு வார்த்தை, மூன்று எழுத்து... நாக்கு ஒட்டிக்கொண்டது, ஆனால் கை ஒட்டிக்கொள்ளவில்லை, என் கை அப்பாவின் கையிலிருந்து வளையத்தைப் பிடுங்கியதை நான் யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தேன், "ஏய், ஏய், என்னடி பண்ற?" என்று அவர் கத்துவது எங்கோ கிணற்றுக்குள் கேட்டது, நான் இரண்டாவது கடை முன்னால் நின்றேன், ஜெராக்ஸ் கடை, சாவியைப் போட்டேன்.

திரும்பியது. சும்மா இல்லை, வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி திரும்பியது. குனிந்து பிடியில் விரலைக் கொடுத்துத் தூக்கினேன், தூக்கினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கை கொடுத்தவுடன் அது தானாகவே என் கையைத் தூக்கிக்கொண்டு போனது, இருமவில்லை, ஐந்து வருடத்துக்கு முன்னால் தினமும் இருமிய கதவு! தூசி சல்லடையில் சலித்தது போல இறங்கியது, அதற்குப் பின்னால் வெயில் என்னைத் தாண்டி உள்ளே போனது, எனக்கு முன்னால் அது போய் மேஜையைத் தொட்டது, சுவரைத் தொட்டது, மேஜை முழுக்கக் கட்டுக் கட்டாகக் காகிதம், ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு சீட்டு, இயற்பியல் இரண்டாம் வருடம், நாளை வாங்கிக்கொள்கிறேன், பொருளாதாரம், நாளை, வரலாறு, மாலையில் அல்லது நாளை... இந்தக் கடைக்கு மட்டும் எலியைத் தவிர உள்ளே ஒன்றும் இருக்காது என்று நோட்டில் எழுதியிருந்தேனே, வெட்கமாக இருந்தது, எவ்வளவு சின்னதாக எழுதிவிட்டேன், உள்ளே இத்தனை நாளைகள் அடுக்கி வைத்துக் காத்துக்கொண்டிருந்திருக்கின்றன.

அப்பா வந்து ஷட்டரின் பக்கச் சட்டத்தில் விரலை ஓட்டினார், கறுப்பாக ஈரம் ஒட்டியது, மோந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மோந்து பார்த்தார். "இது நம்ம எண்ணெய்யாச்சே," என்றார். பிறகு, "நான் எலி குடிக்குதுன்னுல்ல நெனச்சேன்! பொறி வேற வாங்கி வெச்சேன்." மந்திரி சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார். கட்டடக்காரம்மா சிரிக்கவில்லை. "அடுத்தது திற," என்றார், என்னிடம்தான்.

அடுத்தது சலூன். சர்ரென்று ஒரே மூச்சில், அதே பழைய மூச்சு. பின்சுவர் முழுக்கக் கண்ணாடி என்பதை நான் மறந்தே போயிருந்தேன், கதவு மேலே போகப் போகக் கண்ணாடிக்குள் முதலில் கால்கள் தெரிந்தன, செருப்புகள், வெறுங்கால்கள், ஒரு குழந்தையின் கொலுசு, பிறகு முழங்கால்கள், புடவைகள், கால்சட்டைகள், கைகள், ஒரு கையில் தூக்குப் பாத்திரம், எங்கிருந்து வந்தார்கள் இவ்வளவு பேர், என் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லாமல் எப்போது கூடினார்கள், பிறகு முகங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக, பின்வீட்டுக்காரர்கள், தபால்காரர், பழைய தையல்காரர், கல்லூரிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கிற இரண்டு பெண்கள், எல்லா முகமும் வாயைத் திறந்தபடி, அத்தனைக்கும் நடுவில் கையை உயர்த்திக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள், கன்னத்தில் கிரீஸ், யார் இவள் என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டவுடன் கையைத் தூக்குவார்களே, அப்படி நிற்கிறாள். ஓடிவிடலாம் என்று தோன்ற வேண்டியது, தோன்றவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மற்றவை எல்லாம் எப்படித் திறந்தன என்று வரிசையாகச் சொல்ல முடியவில்லை, தையல் கடை பாதியில் நின்று யோசித்துவிட்டுப் போனது, பழைய தையல்காரர் "அது அப்படித்தான், அவசரப்படுத்தாத" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார், எட்டாவது கடை முழங்கால் வரைக்கும் வந்து நின்றுவிட்டது, "ஸ்பிரிங்தான், வெட்ட வேணாம், நான் பாத்துக்கறேன்," என்று அப்பா அதற்கடியில் மல்லாந்து புகுந்துகொண்டார், அவர் குரலில் நான் இதுவரை கேட்காத ஒரு துள்ளல். வெயில் உச்சிக்கு வந்தபோது தெருவுக்குப் பற்கள் முளைத்த மாதிரி இருந்தது. கட்டடக்காரம்மா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு முறை நடந்தார், ஒவ்வொரு கடைக்குள்ளும் தலையை நீட்டிப் பார்த்தார், மூலைக்கு வந்து நின்றார். "இது?" என்றார். "காலேஜ் வாசல்ல நின்னா மொதல்ல கண்ணுல படுறது இதுதான். பத்து திறந்து என்ன, மூஞ்சி மூடிக் கிடந்தா எவன் வருவான்? நாளைக்குக் காலைல வர்றேன். வெட்டாம இதைத் திறந்து காட்டுங்க. அப்புறம் அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு பாக்கலாம்." போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஐந்து வருட எண்ணெயை ஒரே நாளில் ஊற்ற முடியுமா... முடியாது, ஆனால் அதற்கு முன்னால் வேறு ஒன்று இருக்கிறது, குப்பியோடு நான் மரத்தடிக்கு வந்தாயிற்று, நாலு பேரும் பழையபடி படியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், மந்திரி பூட்டின் மேலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு பேப்பரை விரித்துவிட்டார், ஒன்றும் மறந்துபோகவில்லை, இந்த முறை திரும்பிப் போக ஒரு சாக்கும் இல்லை, அப்பா அங்கே ஷட்டருக்கு அடியில், அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிகின்றன, யாரும் எனக்காகச் சொல்லப் போவதில்லை.

"கொஞ்சம்..." என்றேன். பேப்பர் தாழ்ந்தது. "கொஞ்சம் நகந்துக்குறீங்களா?"

நாலு பேரும் எழுந்துவிட்டார்கள். உடனே. ஒருவர் செருப்பைத் தேடினார், ஒருவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டார், மந்திரி படியைத் தன் துண்டாலேயே தட்டிவிட்டு, "உக்காரும்மா, நல்லா உக்காந்து பண்ணு. இத்தனை நாளா நீ இந்தப் பக்கம் வர்றதும் திரும்புறதுமா இருந்தியே, என்னவோ தேடுறியோன்னுல்ல நெனச்சோம், கேட்டா கூச்சப்படுவியேன்னு விட்டுட்டோம்," என்றார். நான் உட்கார்ந்தேன். குப்பியின் மூக்கைச் சாவித்துளையில் வைத்து அழுத்தினேன், ஒரு சொட்டு வெளியே வழியவில்லை, மறுபடி அழுத்தினேன், அதையும் உள்ளே வாங்கிக்கொண்டது, மறுபடியும்... நாளைக் காலைக்குள் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியவில்லை. காதைத் தகட்டில் வைத்தேன், என் பின்னால் நாலு பேரும் பேசாமல் நின்றிருந்தார்கள், அவர்களும் கேட்கிறார்களோ என்று தோன்றியது, முதல் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தபோதும் என் ஒரு சொல்லுக்காக யாராவது இப்படிக் காத்திருந்தார்களோ.