ராசியான பெல்ட்

காற்று குறையட்டும் என்று காத்திருந்தார்கள். கண்டமனூர்ப் பக்கத்து ஆடிக்காற்று யார் பேச்சையும் லேசில் கேட்காது. எண்பது மீட்டர் காற்றாலையின் அடியில் ரூபனும் லிங்கேஸ்வரனும் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு பாதுகாப்பு பெல்ட்டுகள் கிடந்தன. ஒன்றில் மட்டும் சந்தனப் பொட்டு.

போன வாரம் இதே கோபுரத்துக்குள் ஏணியில் ரூபனுக்குக் கால் வழுக்கியது. இரண்டு ஆள் உயரம் விழுவதற்குள் பெல்ட் பிடித்துக்கொண்டது. முதுகுப்பக்கம் மடித்துத் தைத்திருந்த பட்டை படபடவென்று தையல் பிரிந்து நீள்வதைக் கேட்டான். ஒவ்வொரு தையலும் அறுந்து அறுந்து, விழுந்த வேகத்தை வாங்கிக்கொண்டது. அறுவதற்கென்றே ஒரு தையல்! யோசித்துத் தைத்த மகராசன் யாரோ என்று அந்தரத்தில் தொங்கியபடியே அழுதுவிட்டான்.

சூப்பர்வைசர் விஜய்ராஜ் பிரிந்த பட்டையை அல்லிநகரத்தில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, தடித்த நைலான் நூலில் நான்கு வரிசை போட்டு வாங்கிவந்தார். யானை கட்டி இழுத்தாலும் பிரியாது என்று அவருக்குப் பெருமை. உயிர் காத்த பெல்ட் என்று பொட்டு வைத்தவன் லிங்கேஸ்வரன்.

"சார், அது பிரிஞ்சதுனாலதான் நான் பொழச்சேன். இனிமே பிரியாது. விழுந்தா இடுப்பு ரெண்டாப் போயிரும். ஒரு தடவ ஆளத் தாங்குன பெல்ட்ட வெட்டித் தூரப் போடணும்னு ட்ரெயினிங்ல சொன்னாக" என்றான் ரூபன், ஜீப்பில் சாய்ந்து நின்ற விஜய்ராஜிடம்.

"புதுசு கேட்டு மெயில் போட்டுருக்கேன்யா. மெஷின் ஆறு நாளா நிக்கிது, மேல இருந்து கேக்குறாக. நீ ஏறலைன்னா போடியில இருந்து ஆளக் கூப்புடுவேன். அவுகளும் இதத்தான் போட்டு ஏறணும்."

லிங்கேஸ்வரனுக்கு மனசு கேட்கவில்லை. "உசுரக் காத்ததப் போயிக் குத்தம் சொல்றீகளேண்ணே. எனக்குக் குடுங்க."

"வேணாம்டா. நீ நல்லதப் போடு."

"நல்லதாம்ல. ராசிய நீங்களே வச்சுக்கங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பத்து மணிக்குக் காற்று இறங்கியது. ரூபன் பொட்டு வைத்த பெல்ட்டை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியையும் கையால் தடவிப் பார்த்து ஏறினான். பழைய வேகம் இல்லை. போன வாரம் வழுக்கிய படி வந்தபோது வாய்விட்டு மாதாவைக் கூப்பிட்டான்.

உச்சியில் மூடியைத் திறந்ததும், அத்தனை பயத்துக்கு நடுவிலும் அவனுக்கு மூச்சு நின்றது. வைகை அணை ஒரு தட்டு வெள்ளியாகக் கிடந்தது. அந்தப் பக்கம் பெரியகுளத்து மாந்தோப்புகள், அதற்கும் மேலே நீலமாய் மலை. வேலை முடிந்து பிரேக்கை விட்டதும் மூன்று இறக்கைகளும் மெல்ல அசைந்தன. ஊர் ஊருக்கு விளக்கெரிக்கும் இந்தப் பூதத்தை என் கை எழுப்பிவிட்டது என்று தோன்றியது. அப்புறம், இறங்கவும் வேண்டுமே என்று நினைவு வந்தது.

இருவரும் கீழே வந்தார்கள். விஜய்ராஜ் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"பாத்தியா, ஒண்ணும் ஆகல! பதினாலாம் நம்பரும் நின்னுபோச்சாம். சாப்புட்டுட்டு ரெண்டு பேரும் அதையும் முடிச்சிருங்க."

லிங்கேஸ்வரன் தன் பெல்ட்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். "இந்தத் தடவையாச்சும் மாத்திக்கிருவோமாண்ணே?"

ரூபன் பெல்ட்டைக் கழற்றாமலே கை கழுவினான், கழற்றாமலே சாப்பிட்டான், கழற்றாமலே போய் ஜீப்பில் உட்கார்ந்தான். பின்சீட்டில் ஏறிய லிங்கேஸ்வரன், அவன் முதுகில் இருந்த அந்த நான்கு வரிசைத் தையலை எட்டித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.