சூட்டில் இறக்கிய காற்று

எனக்கு வாய் நீளம். டாக்சி கம்பெனியில் டயர் பார்க்கிற வேலை. சாயங்காலம் வண்டி ஷெட்டுக்குள் நுழைந்ததுமே நாலு சக்கரத்திலும் காற்றழுத்தம் பார்க்கிற கேஜை வைப்பேன். முப்பத்து மூன்றுக்கு மேல் காட்டினால் உஸ்ஸென்று இறக்கிவிட்டு, டிரைவரையும் ஒரு பிடி பிடிப்பேன்.

"யாருய்யா இவ்வளவு காத்து அடிச்சது? இது டயரா, பலூனா?"

ஒருத்தரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். என் தொழில் சுத்தத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தாலே இப்போது கூசுகிறது.

என் தங்கை புருஷனை அங்கே டிரைவராகச் சேர்த்துவிட்டதும் நான்தான். சேர்ந்து ஐந்து மாதம். போன செவ்வாய்க்கிழமை நெடுஞ்சாலையில் அவர் வண்டியின் பின் டயர் வெடித்தது. உள்ளே இருந்த பெரியவருக்குக் கை முறிந்துவிட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு டயரைக் காட்டினார். நடுவில் ரப்பர் பட்டன் அப்படியே இருக்க, இரண்டு ஓரமும் வழுக்கையாகத் தேய்ந்திருந்தது.

"காத்து கம்மியாவே ஓடின டயர் சார்" என்றேன். "நான் தினம் கரெக்டா வெச்சுத்தான் குடுக்கறேன். வழியில இறங்கினா டிரைவர்தான் கவனிக்கணும். தேய்மானம் பாக்கறதும் அவர் பொறுப்புதான். சொந்தக்காரர்னு நான் பரிஞ்சு பேசமாட்டேன்."

மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றார். அன்றே சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, கம்ப்ரஸரைப் பழுது பார்க்க ஆள் வருவதாக இருந்ததால் விடியற்காலையிலேயே ஷெட்டுக்குப் போனேன். அங்கே மீசைக்காரர், எங்களில் மூத்த டிரைவர், டிக்கியிலிருந்து கால் பம்பை எடுத்து மிதித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நேத்து நான் வெச்ச காத்து உமக்குப் போதாதோ?"

அவர் நிமிர்ந்தார். "நான் இன்னும் மிதிக்காத சக்கரத்துல கேஜை வெச்சுப் பாருங்க."

இருபத்தெட்டு. அடுத்த வண்டியிலும் இருபத்தெட்டு. அதற்கடுத்ததில் இருபத்தேழு.

"ஓடி வந்த சூட்டுல அழுத்தம் கூடத்தான் காட்டும். அதை நீங்க இறக்கி விட்டுடறீங்க. ஆறினதும் இவ்வளவுதான் மிச்சம். எட்டு வருஷமா நாங்க எல்லாரும் காலையில மிதிச்சுட்டுத்தான் கிளம்பறோம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உங்க வாய்க்கு யாரு பதில் சொல்றது?"

ஆறிய டயரில்தான் பார்க்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. காலையில் எழுந்து வரச் சோம்பல். சாயங்காலமே முடித்துவிடலாம் என்று ஆரம்பித்து, அதுதான் முறை என்று நானே நம்பிவிட்டேன்.

"மாப்பிள்ளைக்கு இது தெரியுமா?"

"சொன்னோமே! பம்பைக்கூடக் குடுத்தேன். 'எங்க மச்சான் பாத்து வெச்ச காத்துல நான் கை வெச்சா அவருக்கு அவமானம் இல்லையா'ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை பேரில் என்னை நம்பியவர் ஒருத்தர். அவர் டயர்தான் வெடித்தது.

மேனேஜர் வந்ததும் ஒன்று விடாமல் சொல்லி, கேஜை அவர் மேஜைமேல் வைத்தேன். "அவரை நாளைக்கே வரச் சொல்லுங்க. உங்க விஷயம் அப்புறம்" என்றார்.

நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் மாப்பிள்ளை எழுந்துவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க மச்சான். நீங்க சேத்துவிட்ட இடத்துல உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

தங்கை சமையலறை வாசலில் இருந்து, "நல்லாக் கேளு அண்ணா" என்றாள். "நீ பாத்துப் பாத்து வெச்சுக் குடுத்தும் கவனிக்கத் துப்பில்லையான்னு ரெண்டு நாளா நானும் கேட்டுட்டுதான் இருக்கேன்." அவளுக்கும் என் வாய்தான்.

நின்றபடியே சொன்னேன். சோம்பலையும் சொன்னேன், மேனேஜரிடம் அவர்மேல் பழி போட்டதையும் சொன்னேன். வேலை திரும்பக் கிடைத்ததைக் கடைசியில் சொன்னேன்.

மாப்பிள்ளை என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இப்பவாவது நம்பறியா?" என்று என் தங்கையைக் கேட்டார். "நான் ஒழுங்காத்தாம்மா ஓட்டினேன்."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.