மூன்றாம் மாடி வாடகை

ஸ்ஃபாக்ஸ் நகரத் தபால் நிலையத்தில் வேலை பார்த்த மொன்ஜி, ஓய்வுக்காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வீட்டின் மேல் ஒரு மாடி கட்டினார். வாடகைக்கு விடுவதற்குள் மூத்தவன் கல்யாணம் செய்துகொண்டு அதில் குடியேறினான். இரண்டாம் மாடியை இளையவன் எடுத்துக்கொண்டான்.

"உங்களுக்குக் குடித்தனக்காரங்க நம்ம வயித்துலதான் பொறக்குறாங்க" என்று மனைவி வசீலா சிரித்தாள்.

மூன்றாம் மாடி பூசி முடிந்த அன்றே ரம்ஸி என்ற பல் மருத்துவருக்குச் சாவியைக் கொடுத்துவிட்டார். ஓய்வுபெற்ற மாதமே வாடகை கைக்கு வந்தது. இப்படிப்பட்ட தங்கமான ஆள் காலி செய்துவிடக் கூடாதே என்று, ஞாயிறுதோறும் மீன் போட்ட கூஸ்கூஸை மகள் நெஸ்ரினிடம் கொடுத்தனுப்பினார்.

"ஆறிடப்போகுது, ஓடும்மா!"

தட்டு திரும்பி வர நேரமானால், பையன் ரசித்துச் சாப்பிடுகிறான் என்று மகிழ்ந்துபோவார்.

கோடை தொடங்கியதும் ரம்ஸி தன் தாயைக் கூட்டிக்கொண்டு, ஒரு தாம்பாளம் இனிப்போடு பெண் கேட்டு வந்தான். நெஸ்ரின் காபி கொண்டுவந்த வேகமே பதிலைச் சொல்லிவிட்டது.

மொன்ஜி மெல்ல இழுத்தார். "அப்போ அந்த வாடகை..."

"அது மாசாமாசம் குடுத்துடுறேன், மாமா."

"மருமகன்கிட்ட வாடகையா? ஊரு காறித் துப்பும்!" என்று வசீலா கணவரை முழங்கையால் இடித்தாள்.

விருந்தாளிகள் போனதும் மொன்ஜி மொட்டைமாடிக்கு ஏறி, நான்காம் மாடிக்காக நீட்டிவிட்டிருந்த கம்பிகளைத் தடவிப் பார்த்தார். பின்னாலேயே வந்தாள் வசீலா.

"கட்டுறதா இருந்தா சீக்கிரம் கட்டுங்க. மூத்த பேரனுக்கு மீசை அரும்புது."