முட்டியில் பூசிய கறுப்பு

கடைசியாகக் குளிப்பாட்ட உட்கார வைத்திருந்த நைனாவின் வேட்டியை விக்ரமன் முட்டிக்கு மேல் சுருட்டினார். இரண்டு முட்டிகளும் கரி பூசியதுபோல் இருந்தன.

"இன்னாண்ணா இது?" என்றாள் மகள் பிரவீணா.

"உன் மருந்துதாம்மா." நைனாவின் எண்ணெய்க் கடையிலேயே நரைத்துப்போனவர் விக்ரமன்.

போன பொங்கலுக்குப் புனேயில் தான் வேலை பார்க்கும் ஆய்வகத்திலிருந்து ஒரு சின்னக் குப்பி கொண்டுவந்திருந்தாள். மண்ணுக்கடியில் தார்போல இறுகிக் கிடக்கும் கச்சா எண்ணெயை மேலே இழுக்க முடியாது. இந்தக் கறுப்புப் பொடியை உள்ளே செலுத்திச் சூடேற்றினால், அங்கேயே உடைந்து இளகி ஓடிவரும் என்று கல்லாவுக்கு அருகே நின்று விளக்கினாள். நைனா குப்பியை மோந்து பார்த்தார். "சரி, சாப்டியா?" என்றார். அவ்வளவுதான். அந்தக் கேள்வியைப் புனே வரைக்கும் மனசுக்குள் மென்றுகொண்டே போனாள். தன் வேலையை அவர் ஒரு பொருட்டாக நினைத்தாரா என்பது அவளுக்குத் தெரியாமலே இருந்தது. இனி யாரைக் கேட்பது? நேற்றுக் கடை ஷட்டரைத் தூக்கியவர் அங்கேயே சாய்ந்துவிட்டார்.

"பூமிக்குள்ள கெடக்கிறதையே எளக்குதாம், என் முட்டி இன்னா பெருசுன்னு நல்லெண்ணெயில கொழச்சிப் பூசிக்கினாரு. செஞ்சி பஜார்ல ஒருத்தன உடல. எம் பொண்ணு கண்டுபுடிச்சதுன்னு குப்பியக் காட்டிக்கினே இருப்பாரு" என்றார் விக்ரமன்.

"நான் தனியா கண்டுபுடிக்கலண்ணா. ஒரு கூட்டமே சேந்து..."

"அத அவருகிட்ட யாரு சொல்றது?"

கண்ணம்மாள் அத்தை அழுகையை நிறுத்தினாள். "கூடப் பொறந்தவ, முட்டி வலிக்குது, எனக்கும் ஒரு துளி குடுன்னேன். வோணும்னா நீயும் ஒண்ணப் பெத்துப் படிக்க வையின்னான் பாவி!" மறுபடி அழத் தொடங்கினாள்.

"வலி போச்சாண்ணா?"

"போச்சின்னுதான் சொன்னாரு. ராஜகிரிக் கோட்ட ஏறிக் காட்டுறேன்னு கெளம்பினாரு. டிக்கெட் குடுக்கிற எடம் வரைக்கும் போயி, வெயிலா இருக்குதுன்னு திரும்பிட்டாரு."

பிரவீணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். முந்நூறு டிகிரிக்குக் கீழே அந்தப் பொடி எதையும் இளக்காது. கையுறை இல்லாமல் ஆய்வகத்தில் யாரும் அதைத் தொடுவதுகூட இல்லை. சூடேற்ற வேண்டும் என்று சொன்னதை மட்டும் நைனா காதில் வாங்கவில்லை.

தலைக்கு எண்ணெயும் சீயக்காயும் வைக்கும் நேரம். யாரோ பாக்கெட் எண்ணெயைப் பிரித்தார்கள்.

"பாக்கெட்டா? எழுந்து நின்னுடுவான்டா!" அத்தை கத்தினாள்.

விக்ரமன் கடைக்கு ஓடி நல்லெண்ணெய் கொண்டுவந்தார். கூடவே, லட்சுமி படத்துக்குக் கீழே இருந்த குப்பியையும். மூடியில் குங்குமப் பொட்டு. அடியில் கொஞ்சம் பொடி.

"சோப்புப் போட்டும் முட்டி வெளுக்கலியேம்மா."

"உடுங்கண்ணா."

விறகு ஏற்றிய டிராக்டர் தெருவைத் தாண்டிச் சுடுகாட்டுப் பக்கம் போனது. பிரவீணா நைனாவின் தலையில் எண்ணெய் வைத்தாள். பிறகு கிண்ணத்தில் மிச்ச எண்ணெயோடு பொடியைக் கொட்டி வெறும் விரலால் குழைத்து, அவர் முட்டிகளில் அழுத்தித் தேய்த்தாள்.

"தலைக்குத்தானடி வைப்பாங்க. முட்டிக்கு எதுக்கு இப்ப?" என்றாள் அத்தை.

பிரவீணா கிண்ணத்தில் மறுபடி விரலைத் தோய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அத்தை சுற்றுமுற்றும் பார்த்தாள். கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை வழித்து, புடவையைக் கொஞ்சம் தூக்கி, தன் முட்டியில் தடவிக்கொண்டாள்.