நத்தைக்காரி ஊற்றிய நல்ல தண்ணீர்

அருங்காட்சியகத்தின் பின்னறையில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அண்ணி வளர்ப்பது கடலடி மணலில் கிடக்கும் கடல் அட்டை என்ற பிராணி. நாத்தனார் வளர்ப்பது நத்தை. அவள் பெயரே நத்தைக்காரி என்று ஆகிவிட்டது. அண்ணன் வேறு இடத்தில் வேலை பார்த்ததால் பிழைத்தான். பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வாசல் மேசையில் இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும் என்று மேலாளர் சொன்னதிலிருந்து இரண்டு பேருக்கும் வாய் ஓயவில்லை.

“உங்க அட்டை உயிரோட இருக்கான்னே தெரியல அண்ணி. பழைய செருப்பு கிடக்குற மாதிரி கிடக்கு.”

“உன் நத்தை மட்டும் ஓடியாடுதாக்கும்! இது மணலைத் தின்னு சுத்தம் பண்ற உழைப்பாளிடி. உன்னது கீரையைத் தின்னுட்டு கண்ணாடியெல்லாம் வழவழன்னு கோடு போடுது.”

மேலாளர் முடிவு சொல்ல வரும் நாளில், காட்டுவதற்காக அட்டையைச் சின்னத் தொட்டியில் எடுத்து வைத்துவிட்டு அண்ணி அவரை அழைத்துவரப் போனாள். அட்டை அசையவே இல்லை. நத்தைக்காரிக்கு மனசு கேட்கவில்லை. ஜெயிப்பதென்றால் தூங்குகிறவனோடு மோதியா ஜெயிப்பது? நத்தை ஓட்டுக்குள் சுருண்டுகொண்டால் அவள் நல்ல தண்ணீர் தெளிப்பாள். கொம்பை நீட்டிக்கொண்டு வந்துவிடும். அதே பழக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரைச் சின்னத் தொட்டியில் ஊற்றினாள்.

அட்டை அசைந்தது. அசைந்ததோடு நில்லாமல் தன் குடலையே வெளியே தள்ளிவிட்டது.

போட்டிக்காக வேண்டுமென்றே செய்தாள் என்று அண்ணி நினைத்துவிட்டால்? மேசை போனால் போகட்டும், அண்ணி முகம் திருப்பிக்கொண்டால் அவளால் தாங்க முடியாது.

மேலாளரோடு வந்து பார்த்த அண்ணி, உடனே அட்டையைப் பெரிய தொட்டிக் கடல்நீருக்கு மாற்றினாள்.

“நான்தான் அண்ணி தண்ணி ஊத்தினேன். எழுப்பலாம்னு... சத்தியமா வேணும்னு செய்யல.”

“உப்பில்லாத தண்ணி இதுக்கு ஆகாதுடி. உன் நத்தை பயந்தா உள்ள போகும். இது உள்ள இருக்கறதையே வெளிய தள்ளும். கொஞ்ச நாள் போனா புதுக் குடல் வளர்ந்துடும்.”

“என்மேல சந்தேகம் இல்லையா?”

“உன் பிள்ளைக்குக் குடுக்கறதைத்தானே என் பிள்ளைக்கும் குடுத்திருக்கே. அழறதா இருந்தா தொட்டிப்பக்கமா வந்து அழு. கண்ணீர் உப்புத் தண்ணிதான், ஒண்ணும் பண்ணாது.”

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அட்டைக்கு ஓய்வு வேண்டும் என்று வாசல் மேசையை நத்தைக்கே கொடுத்தார் மேலாளர். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். நத்தைக்காரி நத்தையைப் பற்றி ஏதோ இரண்டு வார்த்தை சொன்னாள். பிறகு, உள்ளே ஒரு கடல் அட்டை இருக்கிறது, குடல் போனாலும் புதிதாக வளர்த்துக்கொள்ளும், அதைப் பார்த்துக்கொள்வது எங்கள் அண்ணி என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

கதவோரம் நின்ற அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் பொறுக்க முடியாமல் குரல் கொடுத்தாள்.

“போதும்டி! மேசையில இருக்கற உன் பிள்ளையைப் பத்தியும் நாலு வார்த்தை சொல்லு!”