நுவரெலியாவுக்கு ஒரு சைக்கிள்

ஞாயிறு முதல் பூசை முடிந்து வந்த யோசப்பின், செருப்பைக் கூடக் கழற்றாமல் சைக்கிளை முற்றத்துக்கு இழுத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், எதையாவது இழுக்க வேண்டும். காரணம் கோயில் வாசலில் லூர்த்தம்மா மாமி சொன்ன சொல். நாலு பெண்டுகளுக்கு நடுவே இவளுடைய தோளைத் தடவி, "பாவம் பிள்ளை, சிமியோன் இனி மூலைதான். நீதான் என்ன செய்வாய்!" என்று உச்சுக்கொட்டியிருந்தாள் மனுசி.

அது பொய் என்றால் இவ்வளவு கோபம் வந்திராது. அதுதானே சங்கடம்! குருநகர்த் துறையில் விழுந்த செல்குண்டு அவள் புருசன் சிமியோனின் இடக்காலை முழங்காலோடு கொண்டுபோய் ஒன்றரை வருடம். அன்றிலிருந்து அவன் வாசல் படலை தாண்டவில்லை. யாராவது பார்க்க வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவான். பிள்ளை இல்லாத வீடு. அந்த முதுகோடுதான் அவள் பகல் முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது தொண்ணூற்றைந்து பிறந்து சண்டை ஓய்ந்திருந்தது. எத்தனை நாளைக்கோ, அது வேறு கதை. கடலுக்குப் போகலாம் என்று ஆனதும் அவளுடைய அண்ணன் கனிசியஸ் வள்ளத்தைத் தட்டித் தார் பூசி வைத்துவிட்டான். "சுக்கான் பிடிக்கக் கால் என்னத்துக்குத் தங்கச்சி? மச்சான் வாறதெண்டால் திங்கள் விடிய வெளிக்கிடலாம். இல்லையெண்டால் வேறை ஆளைப் பிடிக்கோணும். ஞாயிறு பொழுதுபட வாறன், ஒரு சொல்லுச் சொல்லச் சொல்லு" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான். சிமியோன் அப்போதும் சுவரைத்தான் பார்த்தான்.

அந்தச் சுவரில் எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலண்டர் ஒன்று தொங்கியது. நுவரெலியாப் படம். ஒரு வாவி, பின்னால் பச்சை மலை, மலை முழுக்கப் பனிப்புகார். இளந்தாரியாக இருந்தபோது கருவாட்டு லொறியில் ஒருமுறை அங்கே போய் வந்தவன் சிமியோன். "அங்கை வாயைத் திறந்தால் புகை வரும், தெரியுமே?" என்று சொல்லியே அவளை மயக்கினான். கலியாணம் முடிந்த கையோடு ரயிலில் போவதாக ஏற்பாடு. போகவிருந்த ஆடியில் நாடு பற்றி எரிந்தது. பிறகு ரயிலும் இல்லை, பாதையும் இல்லை. அவள் அந்தக் கலண்டரைத் தூசு தட்டித் தட்டியே பன்னிரண்டு வருடத்தைக் கழித்துவிட்டாள்.

படத்தைப் பார்த்தாள். அதன் கீழே கிடந்த முதுகையும் பார்த்தாள்.

"எழும்புங்கோ. சேட்டைப் போடுங்கோ."

"ஏன்?"

"மணற்காட்டு அந்தோனியாருக்கு நேர்த்தி வச்சனான், நீங்கள் உயிர் தப்பவேணுமெண்டு. இண்டைக்குப் போகோணும்."

பச்சைப் பொய். நேர்த்தியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அந்தோனியார் கோபிக்கமாட்டார் என்று அவள் நம்பினாள். நேர்த்தி என்றால் தட்ட முடியாதே, சிமியோன் எழும்பிச் சட்டையை மாட்டினான். இராப் பிட்டையும் பொரித்த மீனையும் வாழையிலையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். அவன் துவாயைத் தலையில் முக்காடு போட்டுக் கரியரில் ஏறி, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டான். அவள் மிதித்தாள்.

பெண்சாதி மிதிக்கப் புருசன் கரியரில்! ஒழுங்கைச் சனமே வேலியால் எட்டிப் பார்த்தது. "நல்லாப் பாருங்கோ, காசு வேண்டாம்!" என்று கத்திக்கொண்டே போனாள் யோசப்பின். அரியாலை கடந்து கண்டி வீதியில் உப்புக்காற்று முகத்தில் அடித்தபோது அவளுக்கு ஒரு பாட்டுக்கூட வாயில் வந்தது. முதுகுக்குப் பின்னால் இருந்தவன் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

கொடிகாமம் சந்தையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினாள். அங்கேதான் பிடிபட்டாள். முக்காட்டுக்குள்ளிருந்து சிமியோன் கேட்டான்: "மெழுகுதிரி எங்கை?"

அட கடவுளே! குருநகரில் பிறந்த பொம்பிளை, மெழுகுதிரி இல்லாமல் நேர்த்திக்கு வெளிக்கிட்டிருக்கிறாள். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"மெழுகுதிரியும் இல்லை, நேர்த்தியும் இல்லை. நாங்கள் நுவரெலியாவுக்குப் போறம். மணற்காட்டிலை பனையளவு மணல்மலை இருக்காம். கல்லெண்டால் என்ன, மண்ணெண்டால் என்ன? ஏறினால் மலைதானே."

அவன் முகம் கறுத்தது. "என்னை ஊர் ஊராக் கொண்டுபோய்க் காட்டப் போறியோ? திருப்படி சைக்கிளை."

"திருப்பமாட்டன்."

"அப்ப நான் இறங்கிறன்." இறங்கினான். பூசணிக்காய்க் குவியல் ஒன்றுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திவிட்டான். "ஒற்றைக்காலன் மலை ஏறப் போறானாம். உனக்கு விசர்."

"ஓம், விசர்தான்! உங்கடை முதுகைப் பார்த்துப் பார்த்துப் பிடிச்ச விசர். இருங்கோ. பூசணிக்காயோடை பூசணிக்காயா இருங்கோ. நான் மலை பார்க்காமல் வீட்டை வரமாட்டன்."

ஏறி மிதித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வரணி வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டு போனாள். வரணிக்குப் பிறகு அழுதுகொண்டு போனாள். அங்கேயே குந்தியிருந்தால் என்ன செய்வான், யாரிடம் கேட்பான், ஒன்றரை வருடமாகப் புது முகத்தோடு ஒரு சொல் பேசாத மனுசன்? ரெண்டு தரம் பிறேக்கைப் பிடித்தாள். திரும்பினால் அவன் சாகும்வரை சுவரைத்தான் பார்ப்பான் என்பது அவளுக்குத் தெரியும். ரெண்டு தரமும் பிறேக்கை விட்டாள்.

மணற்காட்டில் சவுக்கு மரங்களுக்கு அப்பால் மலை வெள்ளை வெளேரென்று நின்றது. மணல் பாதி விழுங்கிய பழைய கோயில் சுவர் ஒன்று அடிவாரத்தில் தெரிந்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கியது. உச்சியில் போய் நின்றபோது ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பனங்கூடல். பிறந்த நாளிலிருந்து பனையை அண்ணாந்து பார்த்தே பழகினவள், இப்போது பனைகளின் தலையைக் குனிந்து பார்த்தாள். "அம்மாடி!" என்றாள் வாய்விட்டு. சொல்லிக் காட்டப் பக்கத்தில் ஆள் இல்லை. மலை பார்த்த சந்தோசம் அந்த இடத்திலேயே வற்றிவிட்டது.

பிட்டுப் பையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வெயில் ஏறியது. அப்போதுதான் 'டப டப' என்று சத்தம். மண்ணெண்ணெய்ப் புகை கக்கிக்கொண்டு சந்தையால் திரும்புகிற லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்று. பின்பெட்டியில், வெறும் சாக்குகளின் மேல், துவாய் இல்லாத தலையோடு சிமியோன்!

அடிவாரத்தில் இறங்கினான். ஊன்றுகோலை ஊன்றினான், அது பாதிக்கு மணலில் புதைந்தது. இழுத்து எடுத்து மறுபடி ஊன்றினான், மறுபடி புதைந்தது. மேலே பார்த்துக் கத்தினான்: "எடியே, இறங்கி வந்து கையைக் குடு!"

ஓடிப் போய் அவனைக் கட்டிப்பிடிக்க அவளுக்குக் கால் பரபரத்தது. மணலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "மாட்டன்! ஏறி வாங்கோ!"

மெசின்காரப் பொடியனுக்கு மனம் கேட்கவில்லை. "அக்கா, பாவம், நான் தூக்கிக்கொண்டு வரட்டே?"

"ஆரடா பாவம்?" என்று திரும்பினான் சிமியோன். ஊன்றுகோலை வீசி எறிந்தான். மணலில் பொத்தென்று குந்தி, மலைக்கு முதுகைக் காட்டி, ரெண்டு கையையும் பின்னால் ஊன்றி, இருந்த காலால் உந்தினான். ஒரு முழம் ஏறினான். அரை முழம் சறுக்கினான். பிறகும் உந்தினான். அந்த முதுகு தன்னை நோக்கி ஏறி ஏறி வருவதைப் பார்த்தபடி யோசப்பின் அழுதாள். இந்தத் தரம் திட்டு ஒன்றும் வரவில்லை.

உச்சிக்கு வந்ததும் மூச்சு வாங்க மல்லாந்து கிடந்தான். "பாவி. பூசணிக்காய் எண்டுதானே சொன்னனீ?"

"மெசினிலை எப்பிடி ஏறினனீங்கள்?"

"கேட்டுத்தான். வாய் இருக்குதானே."

பிட்டைத் தின்றார்கள். மடியிலிருந்த சுருட்டை அவன் பற்ற வைத்தான். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அவளுடைய உதட்டில் வைத்தான். ஊர் மனுசிகள் பார்த்தால் கல்லால் எறிவார்கள். எறியட்டும்! இழுத்தாள், இருமினாள், கண்ணில் தண்ணீர் முட்டியது.

"வாயாலை புகை வருது" என்றாள்.

"நான் சொன்னனான்தானே" என்றான் அவன். பிறகு கடலைக் கையால் காட்டி, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று அவளுக்குச் சொன்னான்.

திரும்பும்போது அவன் முக்காடு போடவில்லை. பொழுதுபடுகிற நேரம் ஒழுங்கை முகப்பில், "இறங்கு" என்றான். "நான் சைக்கிளை ஓடுறன்."

"ஒற்றைக்காலாலேயோ?"

"மற்றதைத் தேட இப்ப நேரமில்லை. பின்னாலை ஏறடி."

ஏறினாள். ஊன்றுகோலைச் சிப்பாய் துவக்குப் பிடிக்கிற மாதிரித் தோளில் சாத்திக்கொண்டாள். ஒரு மிதி, ஒரு ஆட்டம், பிறகு ஒரு மிதி. ஒரு வீடு கடந்தது, இன்னொரு வீடும் கடந்தது. லூர்த்தம்மா மாமியின் படலைக்கு நேரே வந்ததும் சைக்கிள் கோணி, புருசனும் பெண்சாதியும் புழுதியில் விழுந்தார்கள். பதிலுக்காக அவர்கள் வீட்டு வாசலில் நின்ற கனிசியஸ் ஓடி வந்தான்.

"ஐயோ பாவம்! எங்கை பிள்ளையள் போயிட்டு வாறியள்?" என்று பதறினாள் மாமி.

யோசப்பினால் எழும்ப முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. சிமியோன் தலைமயிரிலிருந்து மணலை உதறினான். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த மனுசியை நேரே நிமிர்ந்து பார்த்தான்.

"நுவரெலியாவுக்கு மாமி. சரியான குளிர்" என்றான். பிறகு நீட்டிய கையோடு வந்த கனிசியஸைப் பார்த்து, "தூக்க வராதை மச்சான். விடிய எத்தினை மணிக்கெண்டு மட்டும் சொல்லு."