வராத நாட்கள்

"காய்ச்சல்னு மட்டும் சொல்லு. வேற எதுக்கும் வாயத் தொறக்காத. மீதிய நான் பாத்துக்கறேன்" என்று அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மகள் தலையாட்டினாள். ஒரு வாரமாக அவள் செய்துவந்த ஒரே வேலை அதுதான். சாப்பிடுறியா என்றால் தலையாட்டல், டாக்டர்கிட்ட போலாமா என்றால் தலையாட்டல்.

காய்ச்சலாவது ஒன்றாவது! போன திங்கட்கிழமை காலையில் ஒரு காலில் சாக்ஸைப் போட்டுவிட்டு, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அதைப் போட்டால் ஷூ போட வேண்டும், ஷூ போட்டால் கிளம்ப வேண்டும், கிளம்பினால் டெஸ்ட். அப்படியே சாய்ந்தவள்தான். புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தால் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வரி உள்ளே போகவில்லை. அம்மா முதல்நாள் கத்தினாள், மறுநாள் கெஞ்சினாள், அதற்கடுத்த நாள் தையல் கடையைத் திறக்காமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மகள் எதற்கும் அசையவில்லை. சுவரைப் பார்த்தபடியே ஒரு வாரம் போயிற்று.

அம்மாவின் பயமெல்லாம் ரீடிங் ரூமைப் பற்றித்தான். கடைசி வருடத்தில் நிறைய மார்க் வாங்கும் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, வகுப்பிலிருந்து பிரித்து, மாடியில் ஓர் அறையில் உட்கார வைத்துவிடுவது அந்தப் பள்ளிக்கூடத்தின் வழக்கம். ஆளுக்கொரு மேஜை, மேஜைக்கு மேஜை நடுவே பிளைவுட் தடுப்பு. பாடம் கிடையாது, விளையாட்டு கிடையாது. படிக்க வேண்டியது, வரும் கேள்வித்தாளுக்கு எழுத வேண்டியது, அவ்வளவுதான். இடம் கிடைத்த அன்று அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களை எல்லாம் நிறுத்திவைத்து, அளவு டேப்பை அவர்கள் கழுத்தில் போட்ட கையோடு, "எம்பொண்ணுக்கு ரீடிங் ரூம் கெடைச்சிருக்கு" என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் இடுப்பளவுக்கே வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வாரம் லீவு போட்டதற்கு அந்த இடத்தைப் பிடுங்கிவிட்டால்?

மகளுக்கு வேறு நினைப்பு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. படுத்திருந்த நாளெல்லாம் அம்மாவின் போன் அடிக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தா? ஒவ்வொரு முறையும் தைத்தாகிவிட்டதா என்று கேட்பவர்கள்தான். எங்கடி போய்த் தொலைஞ்ச என்று யாராவது திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது. திட்டு வாங்க இப்படி ஏங்குவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஸ்டாஃப் ரூமில் கிளாஸ் டீச்சர் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார்.

"மிஸ், இவளுக்குக் காய்ச்சல்…"

"அடடா. இன்னிக்கு லீவு வேணுமா?"

"இல்ல மிஸ். போன வாரம் பூராவும் காய்ச்சல். அதான் வரல. சொல்லி அனுப்பக்கூட முடியல…"

டீச்சர் மகளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "போன வாரமா? டெய்லி வந்தாளே! பிரசன்ட்தானே போட்டேன்" என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். வருகை எடுக்கும்போது மாடியில் இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து "ரீடிங் ரூம், மிஸ்" என்று லீடர் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாள். யாரும் மாடியேறிப் பார்த்ததில்லை. டீச்சர் பொல்லாதவர் இல்லை, முகம் செத்துப்போயிற்று. "சரி விடுங்கம்மா. அட்டெண்டன்ஸ் ஒண்ணும் அடிபடல" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வராண்டாவுக்கு வந்ததும் மகளின் தோளைத் தட்டினாள். "நல்லவேளை, தப்பிச்சோம்டி!"

மகள் நின்றுவிட்டாள். "இன்னும் எத்தனை நாள் வராம இருந்திருந்தா இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அம்மா?"

ஒரு வாரத்தில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்த அறையைத் தானே பார்த்துவிடுவதென்று அம்மா விறுவிறுவென்று மாடிப்படியில் ஏறினாள். மகள் பின்னாலேயே போனாள்.

ரீடிங் ரூமில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மகளின் மேஜையில் போன வாரத்துக் கேள்வித்தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கொண்டுவந்து போடுகிறவர் தினமும் முந்தின நாள் தாளின் மேலேயே ஓரம் பிசகாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மா அதைப் பார்த்தாள். எங்கிருந்துதான் வந்ததோ கோபம், பக்கத்துத் தடுப்பைத் தட்டினாள்.

"ஏம்மா கண்ணு, இப்படி ஒட்டி உக்காந்திருக்கியே. இவ வரலைன்னு உனக்குக்கூடவா தெரியல?"

கண்ணாடி போட்ட அந்தப் பெண் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, பயந்துபோய் எழுந்து நின்றாள். "சாரி ஆன்ட்டி" என்றாள். பிறகு தடுப்பையே பார்த்துக்கொண்டு, "போன மாசம் நானும் வரல ஆன்ட்டி. மூணு நாள். யாரும் கேக்கல" என்றாள்.

அம்மாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. மகள் போன மாதத்தை யோசித்துப் பார்த்தாள். அப்போது அவள் ஒரு நாளும் லீவு போடவில்லை, இதே நாற்காலியில்தான் இருந்தாள். கை நீட்டினால் தொடும் தூரம். பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. தனக்கு மட்டும் நடந்தது என்று ஒரு வாரமாகக் குமைந்துகொண்டிருந்ததை, அவளே இந்தப் பெண்ணுக்குச் செய்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஏன் வரல?" என்று மகள் கேட்டாள். "என்ன ஆச்சு உனக்கு?"

டெஸ்ட்டுக்கு மணி அடித்தது. கேள்வித்தாள்காரர் வந்து மேஜைக்கு மேஜை வைத்துக்கொண்டே போனார், இவர்கள் நிற்பதை அவர் கவனிக்கவில்லை. மற்றவர்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா மகளின் நாற்காலியைத் தடுப்பின் அந்தப் பக்கம் இழுத்துப் போட்டாள், தரையில் அது கிறீச்சிட்ட சத்தத்துக்கு நாலைந்து தலைகள் நிமிர்ந்தன. அந்தப் பெண்ணின் கையில் இன்னும் பஞ்சு இருந்தது. காதில் திரும்ப வைத்துக்கொள்வதா கீழே போடுவதா என்று தெரியாமல் அதை விரல்களில் உருட்டிக்கொண்டே, அவள் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.